உப்புத் தண்ணியில திரிஞ்ச வெள்ளி

“நீ பேட்டரித் தண்ணி விக்கிறியா, இல்ல கடலைக் கேன்ல அடைச்சு விக்கிறியா?”

மாரிக்கனி இப்படிக் கேட்டது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம், காளிராஜோட பேட்டரிக் கடை வாசல்ல. பக்கத்து டீக்கடையில வடை தின்னுக்கிட்டு இருந்தவன் மெல்லுறதை நிப்பாட்டிட்டுத் திரும்பிப் பாத்தான். அம்புட்டுச் சத்தம்.

காளிராஜ் இப்பத்தான் கல்யாணம் ஆன பய. வாய்ச்சண்டைக்குப் பழகாதவன். “அக்கா, இந்தத் தண்ணிய ஊத்தித்தான் இந்தச் சுத்துப்பட்டுல லாரி, டிராக்டரு எல்லாம் ஓடுது. ஒருத்தன் வண்டியும் நின்னதில்ல”ன்னான்.

“லாரி ஓடும். என் வெள்ளி திரிஞ்சுபோச்சே, அதுக்கு என்ன சொல்லுற?”

“வெள்ளியா? நகைக்கடைக்குப் போக வேண்டியவுக தப்பா ஏறி வந்துட்டீக போல.”

டீக்கடையே சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பொறுக்கல. கையில இருந்த காலிக் கேனைத் தூக்கி அவன் கல்லாப்பெட்டி மேல போட்டா. “இனிமே ஒன் கடைப் படி ஏறுனா என் காலை நானே ஒடிச்சுக்கிறேன்.”

“ஏற வேணாம்க்கா. ஏறுனாலும் தண்ணி கெடையாது”ன்னு அவனும் சொல்லிட்டான்.

மாரிக்கனிக்கு வாயி எப்பவும் அவளுக்கு ரெண்டு எட்டு முன்னாலயே போயி நிக்கும். வீட்டுல ஒரு கறுப்புக் குப்பி வெச்சிருக்கா, அதுல வெள்ளி உப்பைக் கரைச்ச தண்ணி. அதை எடுத்துட்டு வந்து, ஒரு புதுக் கேனை ஒடைச்சு, ஒரு சொட்டு விட்டுப் பாத்திருந்தா அந்த எடத்துலயே தெரிஞ்சிருக்கும் யாரு மேல தப்புன்னு. படிச்ச புள்ள. அதுக்குக் கூடப் பொறுமை இல்ல. கோவத்தை மட்டும் பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டா.

அவ யாரு, என்ன செய்யிறான்னு சொல்லணும். திருச்சுழிப் பக்கம் ஒரு சின்ன ஊர்ல பொறந்தவ. அப்பன் கருத்தப்பாண்டி சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுற ஆளு. மூட்டம்னா, வெட்டுன கட்டையைக் குவிச்சு மண்ணைப் போட்டு மூடி, உள்ள நெருப்பு வெச்சு, மெல்ல மெல்லக் கரியாக்குறது. ஒரு ஓட்டை விழுந்தாலும் பூராவும் சாம்பலாப் போகும். அந்த ஓட்டையைப் பாத்து மண்ணு அடைக்கிறதுதான் மாரிக்கனிக்குச் சின்ன வயசு வேலை. பள்ளிக்கூடத்துக்குப் போனா மூக்குல கரி இருக்கும். கூடப் படிச்சதுக “கரிச்சட்டி”ம்பாளுக. ஒருத்தி சொன்னா ஒருத்திக்கு ஒரு அறை. அப்பவே அப்படித்தான்.

அந்தக் கரிக்காசுல டவுனுக்குப் பஸ்ஸுல போயி, கெமிஸ்ட்ரி படிச்சு, மேல் படிப்பும் படிச்சு முடிச்சா. அப்புறம் ஒரு மில்லுல நூலைச் சோதிச்சுப் பாக்குற வேலை. அப்பத்தான் பரளச்சி ஊர்ப் பாண்டிராஜுக்குக் கட்டிக் குடுத்தாக. பாண்டிராஜ் லோடு வண்டி ஓட்டுறான். நல்லவன்தான். ஆனா நல்லவன்னு பேரு எடுத்தே பொழுதைக் கடத்துறவன். அம்மா சொன்னாலும் “சரி”ம்பான், பொண்டாட்டி சொன்னாலும் “சரி”ம்பான். அவன் சரியை வெச்சுக்கிட்டு ஒருத்தியும் ஒரு வேலையும் செஞ்சுக்க முடியாது.

ஒரு நாள் அவன் வண்டியில கூட ஏறிக்கிட்டு நூல் எறக்கப் போனா. சாயப்பட்டறை. பின்னால பெரிய குழி, அதுல நூலுக்குச் சாயம் போட்டு மிஞ்சுன தண்ணி, ரத்தமாட்டம் நிக்கிது. மழை பேஞ்சா குழி வழிஞ்சு ஓடைக்குப் போகும், ஓடையில ஆடு வாய வெக்கும். அதைப் பாத்துட்டு வந்தவ மில்லு வேலைய விட்டுட்டு, முப்பது வயசை நெருங்குற நேரத்துல, திரும்பப் படிக்கப் போறேன்னு நின்னா. டாக்டர் பட்டத்துக்காம். ஊசி போடுற டாக்டரு இல்ல. அதைக் கேட்டதும் மாமியா தங்கம்மாளுக்குப் பாதி மதிப்பு கொறைஞ்சுபோச்சு.

அவ படிப்பு இதுதான். வெள்ளி உப்புன்னு ஒரு சரக்கு இருக்கு, தண்ணியில கரைச்சா தண்ணியாட்டமே இருக்கும். அதுல சீமைக்கருவேல எலைய அவிச்ச சாத்தை ஊத்தி வெயில்ல வெச்சா, கொஞ்சம் கொஞ்சமாச் செவந்து, பால் ஊத்தாத தேயிலைத் தண்ணி நெறத்துக்கு வந்துரும். வந்துச்சுன்னா உள்ள வெள்ளி பொடியாயிருச்சுன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியிற பொடி இல்ல. ஒரு தலைமுடியைக் குறுக்க ஆயிரம் பங்கு போட்டா அதுல ஒரு பங்கு தேறுமா என்னமோ. நானோன்னு பேரு. கம்பெனிக்காரன் இதே பொடியை வெசமான மருந்தைப் போட்டுச் செய்வான், செஞ்சு முடிச்சு அந்த வெசத்தை எங்க கொட்டன்னு முழிப்பான். இவ எலையும் தண்ணியும் வெயிலும் வெச்சே செஞ்சிருவா. மிஞ்சுறது அவிச்ச எலை, குப்பையில போட்டா மக்கிப்போகும்.

அந்தப் பொடி சாயத் தண்ணிக்குள்ள போயி, கூடப் போடுற ஒரு மருந்தையும் சாயத்தையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து விடும். சாயம் செத்து நெறம் போயிரும். பொடி மட்டும் அப்படியே இருக்கும், கரையாது, தீராது. கல்யாணத் தரகன் மாதிரி. ரெண்டு பக்கத்தையும் சேத்து வெச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவான்ல, அப்படி. வினையூக்கின்னு அதுக்குப் படிச்சவுக பேரு வெச்சிருக்காக.

காலேஜுல குப்பியில இதெல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. செவப்புத் தண்ணி டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பச்சத்தண்ணி ஆயிரும். அவளுக்குப் படிப்பு சொல்லிக் குடுக்குற கனகலட்சுமி மேடம், “குப்பியில வந்தது போதும் மாரிக்கனி. எழுதிக் குடு, முடிச்சிரலாம். எல்லாரும் அப்படித்தான் முடிக்கிறாங்க”ன்னு சொன்னாக.

“குப்பிக்குள்ளயா மேடம் சாயப்பட்டறை நடக்குது?”ன்னு இவ கேட்டா.

மேடத்துக்கு மொகம் சுண்டிப்போச்சு. ஆனா கெட்டவுக இல்ல. “சரி. பட்டறையில செஞ்சு காட்டு. வந்துச்சுன்னா இன்னும் ஒரு வருசத்துக்கு ஒனக்கு உதவித்தொகை வாங்கித் தாரேன், பெருசாச் செய். வரலைன்னா குப்பியை எழுதிக் குடுத்துட்டு நடையக் கட்டு. இதுக்கு மேல நான் இழுக்க முடியாது”ன்னாக. அந்தச் சமயம் பாத்துப் பழைய மில்லுக்காரனும் கூப்பிட்டுட்டான், மாசக் கடைசிக்குள்ள வந்தா வேலை இருக்குன்னு. பாண்டிராஜ் அதுக்கும் “சரி”ன்னான்.

அந்தச் சாயப்பட்டறை மொதலாளி அழகுராஜா கையில கால்ல விழாத கொறையாக் கேட்டு ஒரு சனிக்கிழமைக்கு ஒத்துக்க வெச்சா. “ஒரே ஒரு தடவைதான் தாயி. ஒரு டிரம்மு தாரேன். காமிச்சிட்டுப் போயிரணும், எனக்கு லோடு ஏத்துற நாளு”ன்னாரு. அந்தச் சனிக்கிழமைக்குப் பொடி செய்யத்தான் இம்புட்டுப் பாடும்.

காலேஜுல தண்ணிய ஆவியாக்கி வடிச்சு எடுக்குற மிசின் ஒண்ணு இருந்துச்சு. நம்ம ஊரு தண்ணி அதோட கம்பியில வெள்ளையாக் காறை பிடிச்சுப் பிடிச்சு, ஒரு நாளு கம்பியே வெந்துபோச்சு. புதுக் கம்பிக்கு எழுதிப் போட்டிருக்காகளாம். எழுதிப் போட்டு எழுதிப் போட்டு மேடத்துக்கே நரை விழுந்துருச்சு. அதனாலதான் மாரிக்கனி பேட்டரித் தண்ணிக்கு வந்தா. அது உப்பே இல்லாத தண்ணி. டவுன்ல கேன் வாங்கிட்டு வந்து வீட்டு அடுப்புலயே எலைய அவிச்சா. மொத தடவை நல்லாச் செவந்து வந்துச்சு. சந்தோசத்துல அன்னைக்குப் புருசன்கிட்டக் கூட ரெண்டு வார்த்தை நல்லாப் பேசுனா.

அடுத்த தடவை சாத்தை ஊத்துன ஒடனே வெள்ளையாக் கட்டி கட்டியாத் திரிஞ்சு, பால்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி அடியில ஒக்காந்துருச்சு. வெயில்ல வெச்சதும் அந்த வெள்ளையும் செத்த எலி நெறத்துக்குப் போயிருச்சு. அவளுக்குப் பாத்ததுமே தெரியும். உப்பு. சோத்துல போடுற உப்பு ஒரு துளி இருந்தாலும் வெள்ளி உப்பு இப்படித்தான் பண்ணும். எங்க இருந்து வந்துச்சு உப்புன்னுதான் தெரியல. அதான் நேரா காளிராஜ் கடைக்குப் போயிக் கத்துனது.

கத்திட்டு வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் முக்குக் கடையில வேற கேன் வாங்குனா. இந்தத் தடவை புத்தியா, கேனை ஒடைச்ச ஒடனே கறுப்புக் குப்பித் தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாத்தா. கண்ணாடி மாதிரி நின்னுச்சு. “பாத்தியா, அவன் திருட்டுப் பயதான்”னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, கேனை அடுப்படி மூலையில வெச்சுட்டு, மறுநாள் எலை பறிச்சிட்டு வந்து அவிச்சா. மறுபடி திரிஞ்சுச்சு.

இப்ப யாரைத் திட்ட? கேனைத் திட்டுனா, பிளாஸ்டிக்குல உப்பு இருக்கோன்னு. சட்டியைத் திட்டுனா. சாம்பலைப் போட்டுத் தேய்ச்சா, கையெல்லாம் புண்ணு. அப்புறம் எலை மேல பழியப் போட்டா. கம்மாக்கரை மண்ணு உவரு மண்ணு, அதான் எலையில உப்பேறிப்போச்சுன்னு, சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல மேட்டுக் காடு வரைக்கும் நடந்து போயிப் பறிச்சா. வழியில ஆடு மேய்க்கிறவன், “ஆடே திங்காத எலைய எதுக்குத்தா பறிக்கிற, வீட்டுல அம்புட்டுப் பஞ்சமா?”ன்னான். “ஒனக்கும் சேத்துத்தான் ரசம் வெக்கப்போறேன், வந்து குடிச்சிட்டுப் போ”ன்னா. முள்ளு குத்துன காலோட வீட்டுக்கு வந்து அதையும் அவிச்சா. அதுவும் திரிஞ்சுச்சு.

வெள்ளி உப்பு சும்மா கெடைக்கிற சரக்கு இல்ல. காலேஜுல அளந்துதான் குடுப்பாக. கறுப்புக் குப்பியில இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் மிச்சம். வியாழக்கிழமை ராச்சாப்பாட்டுக்கு ஒக்காந்தா, சோறு எறங்கல. பருப்பு மட்டும் எறங்குச்சு.

“அத்தை, பருப்பு நல்லா வெந்திருக்கு”ன்னா. அந்த வாரம் பூரா அவ நல்ல வாயால சொன்னது அது ஒண்ணுதான்.

தங்கம்மா இன்னொரு கரண்டி ஊத்துனா.

பரளச்சித் தண்ணியைப் பத்தித் தெரிஞ்சவுகளுக்கு இந்த எடத்துலயே பொறி தட்டியிருக்கும். அங்க ரெண்டு தண்ணி. குடிக்கிறதுக்கு நல்ல தண்ணி, அது எப்பவாவது குழாயில வரும், வராதப்ப வண்டிக்காரன்கிட்டக் குடத்துக்கு இம்புட்டுன்னு வாங்கணும். மத்த அம்புட்டுக்கும் போர்த் தண்ணி. உப்புன்னா உப்பு, தலைக்கு ஊத்துனா முடி தேங்காநாராட்டம் நிக்கும். அந்தத் தண்ணியில பருப்பு வேகவே வேகாது. சோடா உப்பைப் போட்டு அவிச்சாலும் நடுவுல ஒரு கல்லு கெடக்கும். நல்ல தண்ணியில வேக வெக்கலாம்ல, வெக்கலாம். ஆனா தங்கம்மா மாதிரிப் பொம்பளைகளுக்குக் கை வராது. குடத்தைத் தூக்கித் தூக்கி இடுப்பு தேஞ்சவ, குடிக்கிற தண்ணிய அடுப்புல ஊத்த மாட்டா.

வெள்ளிக்கிழமை காலையில எதுத்த வீட்டு முத்துலட்சுமி ஒரு செம்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தா. மாரிக்கனி வாசப்படியில ஒக்காந்து கால் முள்ளை எடுத்துக்கிட்டு இருந்தா.

“பெரியம்மா, அந்தப் பருப்புத் தண்ணி ஒரு செம்பு இருக்குமா? நாத்தனா வீட்டுல இருந்து வந்திருக்காக. அவுக முன்னால பருப்பு வேகலைன்னா ஒரு மாசத்துக்கு அதையே பேசுவாக.”

தங்கம்மா கண்ணைக் காட்டுனா. கண்ணு காட்டுறது புரியிற புத்தியை முத்துலட்சுமிக்கு ஆண்டவன் குடுக்கல.

“அதான் பெரியம்மா, மதினி டவுன்ல இருந்து வாங்கிட்டு வருமே, அந்தக் கேன் தண்ணி. முந்தாநாளு குடுத்தீகளே. பருப்பு பூவா மலர்ந்துருச்சு.”

மாரிக்கனி ஊக்கைக் கீழ வெச்சா. “அத்தை, எந்தக் கேன் தண்ணி?”

“எந்தக் கேனுன்னா, நம்ம வீட்டுல என்ன பத்துக் கேனா இருக்கு?”

“அதை எடுத்து நீங்க பருப்புக்கு ஊத்துனீகளா?”

“ஊத்துனேன். ஊத்துன அளவுக்குத் திருப்பியும் ஊத்தி வெச்சிட்டேன். ஒரு சொட்டு கொறைஞ்சிருந்தா என்னைக் கேளு. நான் என்ன களவாண்டா தின்னேன்?”

“என்னத்தைத் திருப்பி ஊத்துனீக?”

“தண்ணியத்தான். நம்ம போர்த் தண்ணி. துணியக் கட்டி வடிகட்டித்தான் ஊத்துனேன்.”

மாரிக்கனி போட்ட சத்தம் தெரு பூராவும் கேட்டுச்சு. “வடிகட்டுனா உப்பு போயிருமா அத்தை? மூணு தடவை திரிஞ்சுபோச்சு. ஊருல ஒருத்தன் விடாமத் திட்டிட்டு வந்திருக்கேன். மேட்டுக் காடு வரைக்கும் நடந்து செத்திருக்கேன்.”

“எலைக்கு உப்புத் தெரியுமாக்கும்? ஆடு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போற எலை, அதை அவிக்கிறதுக்குத் தேன் மாதிரித் தண்ணி. பெத்த மகன் பல்லுல பருப்பு கல்லாட்டம் கடிபடுது, அதுக்கு நல்ல தண்ணி கெடையாது. எந்த வீட்டுலடி நடக்கும் இது?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? என்னத்தை அவிக்கிற, எதுக்கு அவிக்கிறன்னு கேட்டா ‘ஒங்களுக்குப் புரியாது அத்தை’ம்ப. ஒரு தடவையா ரெண்டு தடவையா. புரியாதவ புரியாததத்தான் செய்வா.”

தங்கம்மா சொன்னது நெசந்தான். காலேஜுல வாரவுக போறவுக எல்லாருக்கும் படம் போட்டு விளக்குனவ, அடுப்படியில பக்கத்துல நிக்கிறவளுக்கு ஒரு வரி சொல்லல. உப்பு ஆகாதுன்னு அந்த ஒரு வார்த்தை போதும், தங்கம்மா கேனைத் தொட்டிருக்க மாட்டா. வேற எதையாவது கெடுத்திருப்பா, அது வேற.

பாண்டிராஜ் பல்லு வெளக்கிக்கிட்டே வந்து, “அம்மா செஞ்சதும் தப்பு, நீ சொல்லாததும் தப்பு”ன்னான்.

“அந்தப் பருப்பை நீங்க ரெண்டாந்தடவை ஊத்தச் சொல்லித் தின்னீகளே, அது?”ன்னா மாரிக்கனி. அவன் துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிட்டான்.

முத்துலட்சுமி செம்போட அங்கேயேதான் நின்னா. “அப்ப தண்ணி கெடையாதா மதினி?”

கேன்ல இருந்தது பூரா இப்பப் போர்த் தண்ணிதான். மாரிக்கனி அடுத்த பஸ்ஸைப் பிடிச்சா. முக்குக் கடைக்காரன் கடையச் சாத்திட்டு ஏதோ கல்யாணத்துக்குப் போயிட்டான். டவுனை ஒரு சுத்துச் சுத்திப் பாத்தா. கடைசியில எந்தப் படிய ஏற மாட்டேன்னு சொன்னாளோ அந்தப் படிக்குத்தான் வரணும்.

காளிராஜ் அவளைப் பாக்கல. அவ காலைப் பாத்தான். “ஒடிச்சுக்கிறேன்னீகளே அக்கா.”

“ஒடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். வெளிய தெரியல. ஒரு கேன் குடு.”

“எங்கிட்டக் கடல்தான் இருக்கு.”

“ஒன் தண்ணி நல்ல தண்ணிதான். நான் பேசுனது தப்பு. போதுமா?”

“எனக்குக் கேட்டுச்சு. டீக்கடைக்குக் கேக்கலையே. அன்னைக்கு அங்க வரைக்கும் கேட்டுச்சுல்ல.”

டீக்கடைப் பக்கம் திரும்பி நின்னு சொன்னா. சொல்லுறப்ப மூஞ்சி அப்பன் போட்ட மூட்டம் மாதிரித்தான் இருந்துச்சு, மேல மண்ணு, உள்ள நெருப்பு. டீ ஆத்துறவரு, “சரி சரி, விடுறா. பொம்பளப்புள்ள எறங்கி வந்துருச்சுல்ல”ன்னதுக்கு அப்புறந்தான் அவன் கேனை எடுத்தான். எடுத்தவன், உப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டான். பருப்புக் கதையச் சொன்னா. அவன் சிரிக்கலை. “எங்க வீட்டுலயும் வேக மாட்டேங்குதுக்கா”ன்னான். அந்தத் தண்ணி குடிக்கிற தண்ணி இல்லைன்னு கேன்லயே போட்டிருக்குன்னு சொல்லி அவன் புத்தியையும் தெளிய வெச்சுட்டு வந்தா.

மத்தியானத்துக்குள்ள எலைய அவிச்சு, வடிச்சு, கடைசிச் சொட்டு வெள்ளி உப்பு வரைக்கும் ஊத்தி, மாடியில வெயில்ல வெச்சா. பக்கத்துலயே குத்த வெச்சு ஒக்காந்துக்கிட்டா. தங்கம்மாளும் மேல ஏறி வந்து நின்னா. தண்ணி மஞ்சளாச்சு, செம்மண் நெறமாச்சு, வெயில் சாயுறப்ப நல்ல தேயிலைத் தண்ணியாட்டம் நின்னுச்சு.

“இதுக்கா இம்புட்டு?”ன்னா தங்கம்மா. அவ்வளவுதான் அவ மன்னிப்பு.

சனிக்கிழமை காலையில பட்டறைக்கு மேடமும் ஆட்டோவுல வந்துட்டாக. கொடியில செவப்பு நூலு தொங்கி அதுல இருந்து சொட்டிக்கிட்டே இருக்கு. அழகுராஜா வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு, ஒரு கண்ணு லோடு லாரி மேல, ஒரு கண்ணு இவ மேல. குழியில இருந்து ஒரு டிரம்மு தண்ணி எடுத்து வெச்சாக. மாரிக்கனி பொடித் தண்ணிய ஊத்துனா, அளந்து வெச்ச மருந்தைப் போட்டா, மூங்கிக் கம்பை விட்டுக் கலக்குனா.

குப்பியில டீ குடிக்கிற நேரம். இங்க எல்லாரும் டீ குடிச்சாச்சு. தண்ணி செவப்பாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் போனப்ப எறங்க ஆரம்பிச்சுச்சு. மொளகாத் தண்ணியாச்சு. அதுக்கப்புறம் வெளுத்த ரோசா நெறத்துல வந்து நின்னுச்சு. அங்கேயே நின்னுச்சு. கலக்குனா, கை விட்டுப்போற வரைக்கும் கலக்குனா. அதுக்கு மேல அசையல.

நூல் பிழியிறவன் ஒருத்தன், “அக்கா, கொஞ்சம் சீனியப் போட்டீகன்னா ரோஸ்மில்க்குன்னு வித்துரலாம்”ன்னான். ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக் கூடத் தேவலை.

மேடம் டிரம்முக்குள்ள எட்டிப் பாத்தாக. அடியில கறுப்பாப் பொட்டுப் பொட்டாக் கெடந்துச்சு. மாரிக்கனியும் பாத்தா. அவ வெள்ளிதான் அது. கண்ணுக்குத் தெரியாமப் பரவி நிக்க வேண்டிய பொடி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகி அடியில ஒக்காந்துருச்சு. ஒக்காந்த பொடி வேலை செய்யாது.

“அண்ணாச்சி, சாயத்துக்கு நீங்க உப்பு எம்புட்டுப் போடுவீக?”

“எம்புட்டா? நூல்ல சாயம் ஏறணும்னா உப்பு இல்லாம எப்படி தாயி? மூட்டை மூட்டையாப் போடுறோம். அந்தா அடுக்கியிருக்கு பாரு.”

சுவத்துல சாத்தி அடுக்கியிருந்துச்சு. அவ உள்ள வாரப்ப அதைத் தாண்டித்தான் வந்தா. சாயத்துக்கு உப்பு போடுவாகன்னு அவளுக்குத் தெரியாதா, தெரியும். பரீட்சையில எழுதி மார்க்கு வாங்குனதுதான். ஆனா குப்பியில செய்யிறப்பச் சாயத்தைச் சுத்தத் தண்ணியில கரைச்சுத்தான் செஞ்சா. எல்லாரும் அப்படித்தான் செய்யிறாக. ஒரு செம்புப் போர்த் தண்ணிக்கு மாமியாளை நாக்கைப் பிடுங்குற மாதிரிக் கேட்டவ, மூட்டை மூட்டையா உப்பு கரைஞ்சு நிக்கிற குழியை ஒரு நாளும் நெனைச்சுப் பாக்கல.

மேடம் ஓரமாக் கூப்பிட்டுப் போயி, “பாதி நெறம் எறங்கியிருக்கு. தோல்வின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இதை வெச்சு உதவித்தொகை கேக்க முடியாது மாரிக்கனி. குப்பியில வந்ததை எழுதிக் குடு. பட்டம் வந்துரும், மில்லு வேலையும் இருக்கு”ன்னாக.

“பட்டம் வரும் மேடம். குழி அப்படியேதானே கெடக்கும்?”

“குழிக்கு நீயா பொறுப்பு?”

மாரிக்கனி வாயைத் தொறந்தா. கெட்ட வார்த்தை ஏதோ வரப்போகுதுன்னு மேடமே ஒரு எட்டுப் பின்னால போனாக. ஆனா வரல. வாயை மூடிக்கிட்டு, டிரம்முகிட்டப் போயி, அந்த வெளுத்த தண்ணியில கைய விட்டு எடுத்துப் பாத்தா. கையில நெறம் ஒட்டல. நாலு வருசம் படிச்சு, ஒரு வாரம் ஊரைப் பகைச்சு, கையில ஒட்டாத ஒரு ரோசாத் தண்ணி. இது எதுக்கும் ஆகாது. ஆனா காலையில இருந்த செவப்பும் இல்ல.

பட்டறைக்கு வெளிய வந்து போனை எடுத்து மில்லுக்காரனைக் கூப்பிட்டா. வேலைக்கு வரலைன்னு சொல்லிட்டா. அவன் ஏன்னு கேட்டான். “எனக்கு உப்புல வேலை இருக்கு”ன்னு சொல்லிட்டுக் கட் பண்ணுனா. அப்புறம் பாண்டிராஜைக் கூப்பிட்டுச் சொன்னா. “அப்ப லோடு ரெண்டு நடை கூடத்தான் அடிக்கணும்”ன்னான். அன்னைக்கு மட்டும் “சரி”ன்னு சொல்லல. அந்த மட்டுக்கும் நல்லது.

மேடத்துகிட்டத் திரும்பி வந்து, “காசு வேணாம் மேடம். லேப் சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும். இனிமே சுத்தத் தண்ணியில செய்ய மாட்டேன். இந்தக் குழித் தண்ணியில நின்னு வேலை செய்யிற பொடி வந்தா எழுதுறேன், வரலைன்னா எழுதல”ன்னா. மேடம் தலையில அடிச்சுக்கிட்டாக. ஆனா சாவியைத் திருப்பிக் கேக்கல.

குழித் தண்ணிய டவுனுக்குக் கொண்டு போகணும்னா கேன் வேணும். பட்டறை மூலையில மருந்து வந்த நீலக் கேனு காலியாக் குமிஞ்சு கெடந்துச்சு. ரெண்டை எடுத்துக்கிறேன்னு அழகுராஜாகிட்டக் கேட்டா. ஓடைக்குப் போற தண்ணிய ஒருத்தி சொமந்து கொண்டுபோயிச் சுத்தம் பண்ணப் பாக்குறா, அந்த மனுசன் சும்மா குடுத்திருக்கலாம்.

“தண்ணிய எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்க தாயி. கேனைப் பழைய சாமான்காரன் வந்து எடுப்பான்ல, எனக்குக் கணக்கு இருக்கு”ன்னாரு.

ஒரு வெறுங்கேனு நூத்தி இருவது ரூவா.